தாத்தாவின் பண்ணை பேரப்பிள்ளைகள் கைக்கு வருமா? தெரிந்துகொள்வோம்

ஜாலான் புசார் பக்கம் அடிக்கடி சாப்பிடப் போவீர்களா? அங்கே ஒரு காலத்தில் பாக்குத் தோப்புகள் இருந்தன. கொஞ்சம் தள்ளி, தேக்கா வட்டாரத்தில் மாட்டுத் தொழுவங்கள்.

பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கேகே மருத்துவமனையின் "கண்டாங் கெர்பாவ்"... எல்லாமே எருமையைக் குறிக்கும் பெயர்கள். பெயர்தான் மிச்சம்.

பண்ணை நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற வழி உண்டா?

சிங்கப்பூரில் நிலைமை என்ன?

விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது மொத்த நிலத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த நிலமும் குத்தகைக்குத்தான் கிடைக்கும். பண்ணையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். குத்தகைக் காலத்தைக் கூட்டிக் கொடுக்க முடியாது.

2014இல் லிம் சூ காங்கின் 62 பண்ணைகளுக்குக் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று தெரிவிக்கப்பட்டது. ராணுவப் பயிற்சிக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. புதிய மனைகளுக்கு முதலில் 10 ஆண்டுக் குத்தகை என்றார்கள். பண்ணைக்காரர்களின் கருத்துகளுக்குப் பிறகு, 2017இல் அது 20 ஆண்டானது.

10 ஆண்டுக்கும் 20 ஆண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? கூடாரம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் கடன் வாங்கணும். போட்ட பணம் திரும்புவதற்குள் குத்தகை முடிந்தால், அடுத்த தலைமுறை ஏன் அந்தத் தொழிலுக்கு வரப்போகிறது?

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்காவில் "பாதுகாப்பு ஒப்பந்தம்" என்று ஒரு வழி உண்டு. நிலம் குடும்பத்திடமே இருக்கும். அதில் வீடமைப்புத் திட்டங்கள் கட்டும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு விற்றுவிடுவார்கள், அல்லது நன்கொடையாகத் தருவார்கள். பிறகு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும்.

இதில் குடும்பத்துக்கு என்ன லாபம்? உரிமையை விற்ற பணம் கிடைக்கும். நிலத்தின் சந்தை விலையும் குறையும். அதனால் விவசாயம் செய்ய விரும்பும் பிள்ளை, உடன்பிறந்தவர்களின் பங்கை வாங்குவது எளிதாகும். பங்கு பிரிக்க முடியாமல் விற்கப்படும் பண்ணைகள் அப்படித்தான் தப்பிக்கின்றன.

கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், பால்பண்ணை நடத்திய எலன் ஸ்ட்ராஸும் உயிரியலாளர் ஃபிலிஸ் ஃபேபரும் 1980இல் இதற்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இதுவரை 50,000 ஏக்கருக்கும் மேல் காக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டில்?

அங்கே வழி வேறு. 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டம் மூலம் அறிவிக்கப்பட்டது. புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணப் பணிகளுக்குத் தடை. ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துவந்த பணிகளுக்கு அது பொருந்தாது. வெளியிலிருந்து வரும் சில வகைத் தொழிற்சாலைகளைச் சட்டம் தடுக்கும். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினையை அது தடுக்காது.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

"ஊர்ல நிலம் இருக்கு" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

• வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியாவில் விவசாய நிலத்தைப் பொதுவாக விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறலாம்.

• விற்பதென்றால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்கலாம். விற்றுவிட்டால் திரும்ப வாங்குவது கடினம்.

• பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதும் 2005இலும் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது.

• பட்டா யார் பெயரில் இருக்கிறது? இப்போது உழுவது யார்? தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் ஒப்பந்தம், தமிழ்நாட்டில் சட்டம், சிங்கப்பூரில் குத்தகைக் காலம். எந்த வழியாக இருந்தாலும், நிலம் நிலைக்க உழுவதற்கு ஒருவர் முன்வர வேண்டும். உங்கள் குடும்பத்தில் அது யார்?