பதினெட்டு மாதம் என்று சொல்லிப் போனவர்

1911 நவம்பரில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி நம் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்துப் பேசினார். பிறகு சென்னைக்குப் போனதும் ஆங்கிலேயப் போலீஸ் அவரை விசாரித்தது. அவர் பெயர் அலெக்சாண்ட்ரா தவீத்-நீல். பின்னாளில் ஸ்ரீ அன்னையாக இங்கே தங்கிவிட்ட மிர்ராவுக்குப் பாரிஸில் தோழியாக இருந்தவர். 1924-இல் பிச்சைக்காரி வேடத்தில் லாசாவுக்குள் நுழைந்த முதல் ஐரோப்பியப் பெண் என்று நம்மில் பலருக்கு இவரைத் தெரியும். அந்தச் சாகசத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இவர் விட்டு வந்த மனிதரைப் பற்றி.

அலெக்சாண்ட்ரா இளமையில் ஓப்பரா பாடகி. ஹனோய் வரை போய்ப் பாடியவர். 1900-இல் பாடுவதற்காகத் தூனிஸ் போன இடத்தில் பிலிப் நீல் என்ற ரயில்வே இன்ஜினீயரைச் சந்தித்தார். 1904-இல் கல்யாணம். நல்ல வீடு, நல்ல வருமானம், மரியாதையான மனிதர். ஆனாலும் அந்த வீட்டுக்குள் அலெக்சாண்ட்ராவுக்கு உடம்பும் மனசும் சரியில்லாமல் போயின. 1911 ஆகஸ்டில், பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிக் கப்பல் ஏறினார். அப்போது வயது 42. பிரான்சுக்குத் திரும்பியது 1925 மே மாதம். அரசு அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். பதினெட்டு மாத லீவைப் பதினான்கு வருஷத்துக்கு நீட்டிய ஆளை நான் கண்டதில்லை.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கோது சிவில் எப்படிப்பட்டது என்பது நம் ஊர் ரெனோன்சான் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், கணவன் வாழும் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கணவனின் அனுமதி இல்லாமல் அவள் சொத்தை விற்கவும் முடியாது. 1938-இல்தான் இது மாறியது. பிலிப் நினைத்திருந்தால் சட்டத்தைக் காட்டித் திரும்ப அழைத்திருக்கலாம். அவர் அழைக்கவில்லை. பணம் அனுப்பினார்.

இவரோ கடிதம் எழுதினார். சிக்கிமில் பனிமலைக் குகையிலிருந்து, ஜப்பானிலிருந்து, சீனாவின் கும்பும் மடாலயத்திலிருந்து என்று எழுதிக்கொண்டே இருந்தார். இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள், இவைதான் என் பயணக் குறிப்பு என்று கணவரையே கேட்டுக்கொண்டார். அவரை 'மூஷி' என்று செல்லமாக அழைப்பார். நம் காதுக்குப் பிள்ளையாரின் வாகனம்போல் ஒலிக்கிறது! அந்தக் கடிதங்களில் ஏக்கம் இருக்கிறது, வீட்டு நினைவு இருக்கிறது, பணக் கணக்கும் இருக்கிறது. தனக்கு ஒட்டுதல் உள்ள ஒரே மனிதர் அவர்தான், ஆனால் இல்லறம் தனக்கு ஒத்துவராது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறார். என் துணைவியார் இதைக் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்?" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொய்யாகச் சேர்ந்து வாழ்வதைவிட உண்மையைச் சொல்லிவிட்டு எட்டி நின்றது ஒருவிதத்தில் அவருக்குச் செய்த மரியாதை என்றே இப்போது நினைக்கிறேன். அந்த மரியாதைக்கான செலவு முழுதும் பிலிப்பின் தலையில் விழுந்தது என்பதும் உண்மைதான்.

1925-க்குப் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில் வாழவில்லை. அலெக்சாண்ட்ரா தன்னோடு யோங்தென் என்ற சிக்கிம் இளைஞரை மகனாக அழைத்து வந்திருந்தார். பிலிப்புக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விவாகரத்து கிடையாது, கடிதமும் நிற்கவில்லை.

1937-இல் அலெக்சாண்ட்ரா மறுபடி சீனா கிளம்பிப் போரில் மாட்டிக்கொண்டார். திபெத் எல்லையை ஒட்டிய தாட்சியென்லூ என்ற ஊரில் இருந்தபோது, 1941 பிப்ரவரியில் பிலிப் காலமான செய்தி வந்து சேர்ந்தது. அப்போது இவருக்கு 72 வயது. நல்ல கணவரையும் தன் ஒரே நண்பரையும் இழந்துவிட்டதாகச் சொன்னார். போர் முடிந்து, 1946-இல்தான் பிரான்சுக்குத் திரும்ப முடிந்தது. கணவரின் சொத்து விவகாரத்தை அப்போதுதான் முடித்தார்.

1969-இல், நூறு வயது நிறைந்த பிறகு, தீஞ் என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் காலமானார். அந்தக் கடிதங்கள் 1975, 1976-இல் இரண்டு தொகுதிகளாகப் பாரிஸில் அச்சாயின. பிரெஞ்சு தெரிந்த நண்பர்கள் தேடிப் படியுங்கள். உள்ளே இருப்பவை அலெக்சாண்ட்ரா எழுதியவை. உங்கள் கடிதம் வந்தது, பணம் வந்தது என்று அவர் எழுதும் இடங்களில்தான் பிலிப்பை நாம் பார்க்க முடிகிறது.