லாக்மன் சோதனை வந்த வழி

நாமக்கல் பக்கத்து ஊர்களில் இரவுக் கபடி நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். பாடிப் போனவர் சட்டென்று திரும்புவார். பிடிப்பவர் தொடையோடு சேர்த்து அமுக்குவார். முழங்காலுக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம். ஓரிரண்டு மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். “ஜவ்வு போயிடுச்சு” என்பார்கள். முன்புறக் குறுக்கு ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று வெறும் கையால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் லாக்மன் சோதனை.

பிறந்த இடம் பாரிஸ். 1875இல் ஜார்ஜ் நூலிஸ் என்ற கிரேக்கர் முழங்கால் சுளுக்கைப் பற்றி அங்கே ஓர் ஆய்வேடு எழுதினார். ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறுகையால் கீழ்க்காலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மருத்துவர்கள் முழங்காலைச் செங்கோணமாக மடக்கி, பாதத்தின் மேல் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீங்கிய மூட்டு அவ்வளவு மடங்குமா? மடங்கினாலும் வலிக்குப் பயந்து தொடையின் பின்தசை விறைத்துக்கொள்ளும். உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு வட்டு வேறு ஆப்பு மாதிரி முட்டுக்கொடுக்கும். அறுந்த ஜவ்வு அறாதது போலவே தோன்றும்.

பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்மன் 20, 30 டிகிரி மட்டும் மடக்கி இழுக்கக் கற்றுக்கொடுத்தார். அதை 1976இல் ஒரு மருத்துவ இதழில் எழுதி, ஆசிரியரின் பெயரையே வைத்தவர் அவருடைய மாணவர் ஜோசப் டோர்க். அதே இதழில் 1992இல் நூலிஸின் ஏட்டைத் தூசிதட்டி ஒரு கட்டுரை வந்தது. பெயர் மாறவில்லை. அநியாயம்தான்.

ஜவ்வு நன்றாக இருந்தால் கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் நகர்ந்து ‘டக்’கென்று நிற்கும், அறுந்திருந்தால் பிடிப்பில்லாமல் வழுக்கி வரும். சிலருக்கு இயல்பிலேயே மூட்டு தளர்வு என்பதால் மறுகாலையும் இழுத்து ஒப்பிட வேண்டும். அறுந்த ஜவ்வுகளில் நூற்றுக்குச் சுமார் 85 இதில் பிடிபடுகின்றன என்கிறது 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பருத்த தொடையும் சின்னக் கையும் சேர்ந்தால்தான் சிக்கல், பிடியே கிடைக்காது.

நாய்க்கும் இந்த ஜவ்வு அறும். நொண்டும் நாயின் பின்னங்காலையும் கால்நடை மருத்துவர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் இழுத்துப் பார்க்கிறார்கள்.

வீங்கிய முழங்காலை எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். முதல் நாள் வலியில் சோதனை தெளிவாக அமையாவிட்டால், வீக்கம் வடிந்தபின் மறுபடி போய்க் காட்டுங்கள். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் முன், இரண்டு காலையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.