ஒரே ஒரு சொல் பேசிய மனிதர்

பேசுவது நாக்கு. ஆனால் நாக்கைப் பேச வைப்பது எது? 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இதற்காகக் கடுமையாக மோதிக்கொண்டனர். மூளை முழுவதும் ஒன்றாகவே இயங்குகிறது என்றனர் ஒரு சாரார். பேச்சுக்குரிய இடம் முன்மடலில்தான் உள்ளது என்று 1825-இல் வாதிட்டார் பிரெஞ்சு மருத்துவர் புயோ. உறுதியான சான்று மட்டும் கிடைக்கவில்லை.

பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகளாக ஒரு நோயாளி இருந்தார். பெயர் லெபோர்ஞ். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பதே அவர் பதில். அதனால் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. 1861 ஏப்ரலில் கால் அழுகிய நிலையில் அவர் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவரப்பட்டார். இங்கு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டார். ஐந்து விரல்களை நான்கு முறை விரித்துக் காட்டிய டான், பிறகு ஒரு விரலை நீட்டினார். கணக்கு சரியாக இருந்தது. சொல்தான் போயிருந்தது, அறிவு போகவில்லை.

ஏப்ரல் 17-இல் அவர் இறந்தார். அவருடைய மூளையின் இடது முன்மடலில், மேலிருந்து மூன்றாவதாக உள்ள மடிப்பின் பின்பகுதி சிதைந்திருந்தது. லெலோங் என்ற முதியவரும் அதே ஆண்டில் இறந்தபோது, அவரிடமும் அதே மடிப்பு பாதிக்கப்பட்டிருந்தது. பேச்சு பெரும்பாலும் இடது மூளையைச் சார்ந்தது என்று 1865-இல் புரோக்கா அறிவித்தார். அந்த மடிப்பின் பின்பகுதி இன்றும் புரோக்கா பகுதி என்றே அழைக்கப்படுகிறது.

புரோக்கா செய்த இன்னொரு நல்ல காரியம், டானின் மூளையை வெட்டாமல் முழுமையாகப் பாதுகாத்தது. 2007-இல் ஆய்வாளர்கள் இரு மூளைகளையும் எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்தனர். சிதைவு மேற்பரப்பிலுள்ள மடிப்போடு நிற்கவில்லை. ஆழத்தில் மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளையும் அது தாக்கியிருந்தது. ஆகவே, பேச்சு ஒரே மடிப்பின் தனிச்சொத்து அன்று. பல பகுதிகளின் கூட்டு முயற்சி.

பக்கவாதத்தால் இந்தப் பகுதி பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவர்கள் இன்றும் பல வீடுகளில் உள்ளனர். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று எண்ணி, அவர்கள் முன்னிலையிலேயே அவர்களைப் பற்றிப் பேசுவோரும் உண்டு. டானிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தார் புரோக்கா. அந்தப் பொறுமைக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.