வடித்த நீரின் வரலாறு

மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோப்பி, தேயிலை, கங்காணி, துண்டு என்பனவற்றை விரிவாக ஆராய்வர். அம்மக்களின் குடலைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும் ஆட்சியாளர் தொழிலாளரை நோக்கிய முறையிற் குடலுக்குப் பெரும் பங்குண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்தோர் பலர் வழியிலேயே கொலராவால் மாண்டனர். 1914இல் தலைமன்னார் வழியான புகையிரத, கப்பற் பாதை திறக்கப்பட்ட பின்னர், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களுக்கு வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்ட பின்பே அனுப்பப்பட்டனர். குடல் கிருமியின் உறைவிடம் என்பதே அன்றைய கருத்து.

அக்கருத்து மாறியமைக்கு ஓர் ஆய்வுகூட முறையும் காரணமாகும். அம்முறையின் வேர் அதே கொலராக் கிருமியின் ஆராய்ச்சியில் உள்ளது. 1884இல் கல்கத்தாவில் றொபேட் கொக் அக்கிருமியை இனங்கண்டார். அது நஞ்சொன்றைச் சுரக்கின்றது என்ற அவரது ஊகம் நெடுங்காலம் நிறுவப்படாதிருந்தது. 1959இல் அதே நகரில் சம்புநாத் டே, கிருமிகளை முற்றாக நீக்கிய வடிநீரை முயலின் சிறுகுடலிற் செலுத்தினார். குடலில் நீர் தேங்கிற்று. கிருமியைப் போற்றி நீரைக் கழிப்பதே வழக்கமாயிருக்க, அவர் நீரைப் போற்றினார். 1985இல் மறையும் வரை அவருக்குரிய சிறப்புக் கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. 1967இல் எஸ். என். சட்டர்ஜி, ஜே. தாஸ் ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக அக்கிருமியின் புறச்சுவர் புடைத்துச் சிறு புடகங்களாகக் கழன்று செல்வதைக் கண்டு எழுதினர்.

இப்புடகங்கள் பெரும்பாலும் 20 முதல் 250 நனோமீற்றர் விட்டமுடையவை. இறந்த கலங்களின் சிதைவே இவை என ஐயுற்றோர் பலர். அவ்வையத்தைத் தீர்ப்பதற்குப் பிரித்தெடுத்தலே வழியாயிற்று. முதலிற் பற்றீரியாவைத் திரவ ஊடகத்தில் வளர்ப்பர். பின்பு மெதுவான மையநீக்கலாற் கலங்களை அடியிற் படியவைத்து, மேல்நீரை 0.22 மைக்ரோமீற்றர்த் துளையுடைய வடிகட்டியிற் செலுத்துவர். அந்நீரைப் புவியீர்ப்பின் 100,000 மடங்குக்கும் மேற்பட்ட விசையிற் சில மணிநேரம் சுழற்றினாற் புடகங்கள் படியும். 1920களிற் சுவீடனில் ஸ்வெட்பேர்க் அமைத்த அதிவேக மையநீக்கியின் வழிவந்த பொறியே இதற்குப் பயன்படுகின்றது. ஆயினும் புரதத் திரள்களும் உடன் படிவதால், அடர்த்திப் படித்திறனுடைய கரைசலில் மீண்டும் சுழற்றிப் புடகங்களைத் தனிப்படையாகப் பெறுவர்.

நன்மை தரும் பற்றீரியாக்களுக்கு இம்முறை வந்து சேர்ந்தது பிந்தியே. 1917இல் அல்பிரட் நிசிலே, வயிற்றுநோய்க்குத் தப்பிய போர்வீரர் ஒருவரின் மலத்திலிருந்து பிரித்த பற்றீரியா இன்றும் மருந்தாகப் பயன்படுகின்றது. அதன் புடகங்களும் இந்நூற்றாண்டில் ஆராயப்பட்டுள்ளன. 2012இற் கலிபோர்னியாவில் மஸ்மானியன் குழுவினர், பற்றீரோயிடிசு பிராஜிலிசு என்னும் குடற் பற்றீரியாவின் புடகங்கள் எலிகளைக் குடலழற்சியினின்று காக்கின்றன எனக் காட்டினர். தடித்த சுவருடைய இலற்றோபசிலசு போன்றவை புடகங்களை வெளிவிடக்கூடுமா என்பதே நெடுநாள் ஐயமாயிருந்தது.

இவற்றிலுள்ள இடர் சிறிதன்று. பாலில் வளர்த்தாற் பாலிலுள்ள புடகங்களும் உடன்வரும். எனவே பற்றீரியா இடப்படாத வெறும் ஊடகத்தையும் அதே படிகளிற் செலுத்தி ஒப்பிடுதல் வேண்டும். இன்று தோட்டமொன்றிலுள்ள குழந்தையின் மலமாதிரியிலிருந்து நேரே பிரிப்பதாயின், உணவினதும் குடற்கலங்களினதும் புடகங்கள் பற்றீரியாவினவற்றோடு கலந்தே கிடைக்கும். அளவிலும் அடர்த்தியிலும் அவை ஒன்றையொன்று ஒத்தவை. மாதிரியை லயத்திலிருந்து ஆய்வுகூடம் வரை குளிரிற் கொண்டுசேர்க்கவும் வேண்டும். தாமதித்தாற் பற்றீரியாக்கள் தொடர்ந்து பெருகியும் சிதைந்தும் கணக்கையே மாற்றிவிடும்.