நான்கு ஸ்பீக்கர்களின் கணக்கு: கிட்டார் ஆம்பும் கேபினெட்டும் இணைந்த வரலாறு

கிட்டார் மேடைகளில் இன்றும் பரவலாகக் காணப்படும் கேபினெட், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களை அடக்கிய மூடிய மரப்பெட்டி. அத்தகைய இரண்டு பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, உச்சியில் 100 வாட் ஆம்பை வைத்த அடுக்கு, உரத்த ஒலியின் சின்னமாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. அந்த அடுக்கு பிறந்த காரணம் வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். 1960-களின் தொடக்கத்தில் ஆம்பின் ஆற்றல் வளர்ந்த வேகத்துக்கு ஸ்பீக்கரின் தாங்குதிறன் வளரவில்லை. ஸ்பீக்கர் எரிந்துபோகாமல் காக்கப் போட்ட கணக்குதான் இரண்டை நான்காக்கியது, நான்கை எட்டாக்கியது. பெரும் ஒலி அதன் கூடவே வந்து சேர்ந்தது.

இந்த வாதத்துக்கு அடிப்படை ஓர் எளிய இயற்பியல் உண்மை. ஸ்பீக்கர் மீது எழுதப்பட்டிருக்கும் வாட், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. நல்ல கிட்டார் ஸ்பீக்கர்கூடத் தனக்குள் வரும் மின்னாற்றலில் நூற்றில் ஐந்தாறு பங்கைத்தான் ஒலியாக மாற்றும். மீதி முழுவதும் கம்பிச் சுருளான காயிலில் வெப்பமாகத் தேங்குகிறது. தாங்குதிறனை மீறி நெடுநேரம் ஓட்டினால் காயிலின் பசை இளகிச் சுற்றுகள் அவிழும், கம்பி கருகும். தாழ்ந்த சுரங்களில் பேப்பர் கோன் அளவுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடிக் கிழிவது இன்னொரு வகைச் சாவு.

1958-இல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனம் வெளியிட்ட வாக்ஸ் ஏசி15, 15 வாட் ஆம்ப். அரங்குகள் பெரிதாகி ரசிகர் கூச்சலும் கூடியபோது ஷேடோஸ் போன்ற குழுக்களுக்கு அது போதவில்லை. டிக் டென்னி வடிவமைத்த ஏசி30 வந்தது. அதன் புகழ்பெற்ற இரட்டை ஸ்பீக்கர் வடிவத்தில் இருந்தவை 15 வாட் தாங்கும் செலஸ்டியன் நீல ஸ்பீக்கர்கள். 30-க்கு 30 என்று கணக்கு சரியாக முடிந்தது. ஆனால் மிச்சம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வழியில் தீர்ந்தது. கலிபோர்னியாவின் பல்போவாவில் இருந்த ராண்டேவூ நடன அரங்கில் கிட்டார் கலைஞர் டிக் டேல் தடித்த கம்பிகளைக் கட்டி, நிறுத்தாமல் மீட்டி வாசித்தார். ஆம்ப் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொடுத்த ஆம்புகளும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையில் எரிந்தன. எரிந்தவை நாற்பது, ஐம்பது என்று டேல் பின்னாளில் சொன்ன எண்ணிக்கையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விளைவு மட்டும் உறுதியானது. நான்கு 6எல்6 வகை வெற்றிட வால்வுகளும் பெரிய அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கொண்ட 85 வாட் ஷோமேன் உருவானது. அதற்கு ஃபெண்டர் ஜேபிஎல் நிறுவனத்தை நாடி, டி130 என்ற 15 அங்குல ஸ்பீக்கரைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றி வாங்கினார். நான்கு அங்குல விட்டமுள்ள அதன் பெரிய காயில் வெப்பத்தை எளிதில் வெளியேற்றியது. பின்னர் இரண்டு ஸ்பீக்கர் கொண்ட டூயல் ஷோமேனும் வந்தது. அதாவது அமெரிக்காவில் கிடைத்த விடை, விலையுயர்ந்த, வலுவான, எண்ணிக்கையில் குறைந்த ஸ்பீக்கர்.

லண்டனுக்கு அந்த வழி எட்டவில்லை. ஹன்வெல்லில் கடை நடத்திய ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றைப் பின்பற்றி 1962-இல் ஜேடிஎம்45 ஆம்பை உருவாக்கத் தொடங்கினர். பாஸ்மேனில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் பின்புறம் திறந்த பெட்டியில், ஆம்புடனேயே சேர்ந்திருந்தன. மார்ஷல் ஆம்பைத் தனியே பிரித்தார். முதலில் இரண்டு 12 அங்குல செலஸ்டியன்களை வைத்துப் பார்த்தார்கள். 15 வாட் வீதம் இரண்டு சேர்ந்தால் 30. ஆம்போ திரிபில்லாமலே 30 வாட்டைக் கடக்கக்கூடியது. ஸ்பீக்கர்கள் தாங்கவில்லை. நான்காக்கியபோது 60 வாட் கிடைத்தது. நான்கு ஸ்பீக்கர்கள் அடங்கக்கூடிய, வண்டியில் ஏற்றக்கூடிய அளவில்தான் பெட்டியைச் செய்ததாகவும், அதற்குப் பின்னால் ஒலியியல் கணக்கு எதுவும் இல்லையென்றும் மார்ஷல் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த வாக்குமூலத்தை நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். ஒரு தலைமுறையின் கிட்டார் ஒலியைத் தீர்மானித்த பெட்டியின் அளவு, ஸ்பீக்கரின் பலவீனத்துக்கும் வண்டியின் கொள்ளளவுக்கும் இடையே முடிவானது.

இங்கே ஒரு கேள்வி எழும். 45 வாட் ஆம்புக்கு 60 வாட் கேபினெட் போதுமானதா? ஆம்பை முழுக்கத் திறந்து வாசிக்கும் கலைஞருக்குப் போதாது. ஆம்பின் வாட் அளவு, சுத்தமான சைன் அலையைத் திரிபில்லாமல் தரும்போது எடுக்கப்படுவது. அளவை மீறித் திறந்தால் அலையின் முகடு வெட்டுப்பட்டுச் சதுர அலையை நெருங்குகிறது. உச்ச மின்னழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், சைன் அலையைப்போல் இருமடங்கு ஆற்றல் சதுர அலையில் உண்டு. நடைமுறையில் மின்வழங்கி தளர்வதால் முழு இருமடங்கு வராது. ஆனாலும் அதை நோக்கிச் செல்லும். கேபினெட்டின் தாங்குதிறன் ஆம்பைப்போல் இருமடங்கு இருக்கட்டும் என்று கலைஞர்கள் இன்றும் சொல்லும் விதிக்கு அடிப்படை இதுதான். ஹை-ஃபை உலகத்துக்கு இந்த விதி தேவைப்படவில்லை. திரிபையே இசையாக எடுத்துக்கொண்ட கிட்டாருக்குத் தேவைப்பட்டது.

1965-இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் பெரிய ஆம்ப் கேட்டார். மார்ஷல் நிறுவனம் 100 வாட் ஆம்பைச் செய்தது. அப்போதைய செலஸ்டியன் ஜி12எம் ஸ்பீக்கரின் திறன் 20 வாட். நான்கு சேர்ந்தாலும் 80-தான். எனவே எட்டு ஸ்பீக்கர்கள் ஒரே பெட்டியில் போடப்பட்டன: 160 வாட். முழுக்கத் திறந்த 100 வாட் ஆம்பை ஓரளவு தாங்கக்கூடிய எண் அது. பெட்டியைத் தூக்கியவர்களின் முதுகு தாங்கவில்லை. அதை இரண்டு நான்குகளாகப் பிரித்து, மேலே சாய்முகமும் கீழே நேர்முகமுமாக அடுக்கினார்கள்.

அந்தப் பிரிவினை சிக்கலின்றி நடந்ததற்கு ஓம் கணக்கும் துணைநின்றது. நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் இணையாகக் கட்டினால் மீண்டும் 16 ஓம்தான் கிடைக்கும். இரண்டு பெட்டிகளை இணையாகச் செருகினால் 8. ஆம்பின் பின்புறத் தேர்வியை அதற்குத் திருப்பினால் போதும். வால்வு ஆம்பில் இந்தப் பொருத்தம் உயிர்நாடி. ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் எகிறிக் காப்புறை பொசுங்கக்கூடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் நிலைமை தலைகீழ்: இணைப்பு இல்லையென்றால் கேடில்லை, ஓம் மிகக் குறைந்தால் மின்னோட்டம் கூடிப் பழுதாகும். 1975-இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்பான ரோலண்ட் ஜேசி-120 தன் இரு 60 வாட் பகுதிகளுக்குத் தனித்தனியே ஒரு 12 அங்குல ஸ்பீக்கரை ஒதுக்கியது.

எட்டு கோன்கள் வந்தபின் நேர்ந்ததுதான் யாரும் திட்டமிடாதது. ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 50 வாட்டிலிருந்து 100-க்குத் தாவியதால் கிடைத்த ஆதாயம் சிறியது. ஆனால் நெருக்கமாக அடுக்கிய கோன்கள் தாழ்சுரங்களில் ஒன்றாக இயங்கி, அதே வாட்டில் கூடுதல் ஒலி எழுப்பின. ஸ்பீக்கர்களின் உணர்திறன் வேறுபாட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிற்காலத்து ஜி12டி-75 ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும்; 1986-இன் விண்டேஜ் 30 தருவது 100. 97 ஸ்பீக்கரில் 100 வாட்டும் 100 ஸ்பீக்கரில் 50 வாட்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆம்பை மாற்றுவதைவிட ஸ்பீக்கரை மாற்றுவது மலிவு என்பதை, வாட்டை மட்டும் பார்த்து வாங்கிய பல இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

15 ஆகஸ்ட் 1965 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்புகளுடன் நின்றனர். கூச்சல் அவற்றை விழுங்கியது. மேடைக் கேபினெட்டால் முழு அரங்கையும் நிரப்ப இயலாது என்பது அங்கே தெளிவானது. 1967-இல் இங்கிலாந்தின் விண்ட்சர் இசை விழாவில் ஆம்ப் தயாரிப்பாளர் சார்லி வாட்கின்ஸ் 1000 வாட் பொது ஒலியமைப்பை நிறுவினார். கிட்டார் கேபினெட்டின் முன் மைக் வைக்கும் வழக்கம் பரவியது. கூட்டத்தை எட்டும் பொறுப்பு கேபினெட்டின் தோளிலிருந்து இறங்கியது.

அதன்பின் ஆம்ப்-கேபினெட் பொருத்தத்தின் கேள்வியே தலைகீழாகிவிட்டது. நான்கு ஜி12டி-75 கொண்ட 300 வாட் பெட்டியில் ஸ்பீக்கர் எரிவது அரிது. அதே சமயம் கோன் தன் எல்லையை நெருங்கும்போது எழும் கரகரப்பும் கிடைப்பதில்லை. வால்வை முழுக்கத் திறந்து ஒலியை மட்டும் குறைக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. பாடகர் நீல் யங் பல பதிற்றாண்டுகளாக மாபெரும் அரங்குகளில் வாசிக்கும் ஆம்ப் 1959-இன் ஃபெண்டர் டீலக்ஸ். அதன் ஆற்றல் 15 வாட் அளவு. பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். அதன் முன்னே ஒரு மைக்.