வேஷம் கட்டும் ஊர்: திருப்பதி கங்கம்மா ஜாத்திரையும் வடவேங்கட எல்லையும்

திருப்பதி என்றதும் நம் கண் மலைக்குத்தான் போகிறது. கல்வெட்டு படிப்பவர்களுக்கு அதற்கு வலுவான காரணமும் உண்டு. பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி செய்தளித்து, உலாவுக்கும் புரட்டாசித் திருநாளுக்கும் நிலம் விட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு திருமலையில் இருக்கிறது. அதன் காலம் 966 எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் பதிப்பிக்கத் தொடங்கிய கல்வெட்டுகளிலும் பெரும்பான்மை தமிழே. வட எல்லைப் போராட்டக் காலத்தில் ம.பொ.சி. முதலானோர் திருப்பதியைக் கோரியபோது இந்தக் கற்களும் சாட்சிக்கு அழைக்கப்பட்டன.

மலையடிவாரத்து ஊர் தன் வரலாற்றை வேறு வகையில் வைத்திருக்கிறது. தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை கல்லைக் கைகாட்டுவதில்லை. வேஷங்களின் வரிசையைக் கைகாட்டுகிறது. அந்த வரிசையை ஓர் ஆவணமாக வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் வாதம்.

சித்திரைக் கடும் வெயிலில், மே மாதத்தை ஒட்டி, ஒரு வாரம் நடக்கும் விழா இது. அம்மனின் பிறந்தகமான அவிலாலா கிராமத்திலிருந்து மஞ்சள் குங்குமம் வருகிறது. பிறகு ‘சாட்டிம்பு’: விழா முடியும்வரை ஊரார் வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்னும் அறிவிப்பு. நம் ஊர் அம்மன் கோயில்களில் ‘பூச்சாட்டு’ என்கிறோமே, அதே வினைச்சொல்தான். விழா பார்க்க வாருங்கள் என்று அது அழைக்கவில்லை. ஊரில் இருந்தாக வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இங்கே பார்வையாளர் என்ற நிலைக்குக் கொள்கையளவில் இடமே கிடையாது.

கதை சுருக்கமானது. பருவமெய்தும் பெண்களையெல்லாம் தனக்கென எடுத்துக்கொண்ட ஒரு பாளெகாடு கங்கம்மாவைத் தீண்ட முனைகிறான். அவள் உக்கிர உருக் காட்டவும் ஓடி ஒளிகிறான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் பூணுகிறாள். பைராகி வேஷத்தன்று உடலெங்கும் வெண்மை, பண்ட வேஷத்தன்று குங்குமச் சிவப்பு, தோட்டி வேஷத்தன்று கரிக் கருமை. பின்பு அவள் தொர வேஷம் கட்டி வர, மேலதிகாரி வந்துவிட்டாரென நம்பி அவன் வெளிப்படுகிறான், தலை துண்டிக்கப்படுகிறது. கொலையோடு கதை முடியவில்லை. அடுத்து மாதங்கியாக உருக்கொண்டு, இறந்தவனின் மனைவியைத் தேற்றச் செல்கிறாள். கொன்றவளே ஆறுதல் சொல்லவும் போகும் இந்தக் கட்டத்தை எத்தனை நாள் யோசித்தாலும் தகும்.

சொற்களைக் கவனியுங்கள். பாளெகாடு என்பவன் நம் பாளையக்காரன். விஜயநகர, நாயக்கர் காலங்களில் உருப்பெற்ற அதிகார அமைப்பு அது. 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனிக்குச் சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்கள் படைகொண்டு அடக்கப்பட்டனர். தொர என்பது நம் துரை. உள்ளூர்ப் பிரபுவையும் குறிக்கும், பின்னாளில் வெள்ளைக்காரரையும் குறித்தது. இதைக் கொண்டு அம்மனின் காலத்தைக் கணிப்பது பிழை. கதை இன்று நாம் கேட்கும் வடிவத்துக்கு வந்த காலத்தைப் பற்றி மட்டுமே சொற்கள் பேசுகின்றன. ஆயினும், அருகிலிருந்து கொடுமை செய்யும் சிற்றதிகாரியை அவனுக்கு மேலிருப்பவனின் உடையில் சென்று வீழ்த்தலாம் என்று ஒரு சமூகம் கற்பனை செய்தது என்பதே போதிய வரலாற்றுச் செய்தி.

இவ்வேடங்களைக் கட்டும் உரிமை கைகாலக் குடும்பத்தாருடையது. ஆந்திர அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கைகால, கைக்கோளன், செங்குந்தர் ஆகிய பெயர்கள் ஒரே இனத்தின் கீழ் வருகின்றன. சோழர் கல்வெட்டுகளில் படைப்பிரிவாகத் தென்படும் கைக்கோளர், நெசவாளராக நாம் அறிந்த கைக்கோளர், இங்கே தெலுங்கில் அம்மனாகிறார்கள். மலைக்கல்லில் தமிழைத் தேடி மகிழும் நாம் தெருவில் நடந்து வரும் இந்தச் சொல்லைப் பார்க்கத் தவறியிருக்கிறோம்.

உரிமைக் குடும்பத்துக்கு அப்பாலும் பங்கேற்பு விரிகிறது. நேர்ந்துகொண்ட ஆண்கள் சேலையுடுத்திப் பின்னலிட்டு வருகிறார்கள். இதைப் படமெடுத்து ‘விநோதத் திருவிழா’ என்று செய்தியிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அச்சொல்லில் சிறிதும் உடன்பாடில்லை. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலில் காட்டுவதுபோல, வேற்றுருக் கொள்ள வேண்டியவர்கள் ஆண்களே. பெண்கள் மஞ்சள் பூசிப் பொங்கலிட்டால் போதும். அவர்கள் ஏற்கெனவே அவள் பக்கம். ஆண்மையின் வன்முறையால் தொடங்கிய கதையில் ஆணுக்குச் சேலை ஒரு பிராயச்சித்தமாகவும் இருக்கலாம்.

இந்த வாசிப்பில் இடறும் இடமும் உண்டு. தோட்டி என்பது பிறப்போடு பிணைக்கப்பட்ட ஊழியத்தின் பெயர். அம்மன் அவ்வுருவை ஒருநாள் ஏற்றுக் கழற்றிவிடுகிறாள். அப்பெயரைக் கழற்ற முடியாமல் வாழ்ந்தவர்கள் இந்த ஊர்வலத்தில் எங்கே நின்றார்கள் என்று கேட்காமல் ‘தலைகீழாக்கம்’ என்ற கோட்பாட்டுச் சொல்லோடு நிறுத்திக்கொள்வது ஆய்வாகாது.

எல்லைக்கு இப்பால், வைகாசி முதல் நாளில், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகிறது. அதுவும் நெசவு ஊர். கதை வேறு, அங்கே வெட்டுண்ட ரேணுகையின் தலை உலா வருகிறது. ஆனால் பெயரும் பருவமும் தலையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருப்பதியும் குடியாத்தமும் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டம். 1960இல் திருத்தணி இப்பக்கம் வந்தது, திருப்பதி அப்பக்கம் நின்றது. தொல்காப்பியப் பாயிரத்தின் வடவேங்கடத்தை ஒரு கோடாகவே படித்துப் பழகிவிட்டோம். இவ்விரு ஊர்வலங்களையும் சேர்த்துப் படித்தால் அது கோடாகத் தெரியவில்லை, அகன்ற நிலப்பரப்பாகத் தெரிகிறது.

அண்மையில் ஆந்திர அரசு ஜாத்திரையை மாநில விழாவாக அறிவித்தது. நிதியும் பாதுகாப்பும் வரும், வரவேற்கத்தக்கதே. என் கவலை பண்ட வேஷ நாளைப் பற்றியது. அன்று பக்தர்கள் வாய்கூசாமல் வசை பொழிவார்கள். அம்மனுக்கு அதுவே வழிபாடு. மேடையும் நேரலையும் முக்கிய விருந்தினரும் உள்ள விழாவில் அந்த வசைக்கு எத்தனை ஆண்டு இடமிருக்கும்? சேலைக்கட்டு எளிதில் படத்துக்கு வரும், பிழைத்துக்கொள்ளும். வசை அப்படியல்ல. ஒலிப்பதிவுக் கருவியோடு தெருத் தெருவாக நடக்கத் தயங்காத, தெலுங்கும் தமிழும் அறிந்த மாணவர்கள் இரண்டு மூன்று பேர் முன்வந்தால், வட ஆற்காட்டு வசைச்சொல் தொகுப்பு ஒன்றை அடுத்த சித்திரையிலேயே தொடங்கிவிடலாம்.