நாண் போய் நிற்கும் இடம்

வில்லின் நீளத்தை ஆளின் உயரம்தான் முடிவு செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களின் பெற்றோர் கடைக்குப் போகும் முன் என்னிடம் கேட்பதும் அதைத்தான்: "பையன் ஆறடி இருக்கான் சார், எழுபது அங்குலம் போதுமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. இலேசான வில் ஒன்றைப் பையன் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வேன். நாண் முகத்தில் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவன் தாடைக்குக் கீழே நிறுத்துவான், மற்றவன் காதுப் பக்கம் கொண்டுபோய்விடுவான். இருவருக்கும் இடையில் சில அங்குலங்கள் வித்தியாசம் வந்துவிடும். கை நீளம் பிறப்பில் வருவது. நாணை எங்கே நிறுத்துவது என்பது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் தேசத்துக்குத் தேசம் வேறுபட்டது, நூற்றாண்டுகளில் மாறியது. வில்லின் நீளம் அதன் பின்னாலேயே போயிருக்கிறது.

குட்டை வில்லை அளவுக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாண் கூர்மையான கோணத்தில் மடிந்து விரல்களை நெருக்கும். பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதியான லிம்பின் நுனி நம்மை நோக்கித் திரும்பிவிடும். அதற்குப் பிறகு இழுக்கிற விசை லிம்பை வளைக்கப் பயன்படாமல் அதை நீளவாக்கில் இழுக்கத் தொடங்கும். அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு ஏறிக்கொண்டிருந்த வில் கடைசி அங்குலத்தில் மூன்று, நான்கு என்று தாவும். வெறும் மரத்தில் செய்த வில்லாக இருந்தால் ஒடிந்தும் போகும்.

ஒடியாமல் இருக்க இங்கிலாந்துக்காரர்கள் கண்ட வழி எளிமையானது: நீளம். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத் அருகே கடலில் மூழ்கியது. 1982-ல் அதை மேலே எடுத்தார்கள். கடலடிச் சேறு காப்பாற்றி வைத்திருந்த பொருள்களில் முழு உருவத்துடன் 137 வில்களும், 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் இருந்தன. யூ மரத்தின் வைரம் உள்பக்கமும் வெளுத்த மேல்மரம் வெளிப்பக்கமும் வருமாறு செதுக்கிய வில்கள். வைரம் நசுங்கலைத் தாங்கும், மேல்மரம் இழுவிசையைத் தாங்கும். நீளம் ஏறத்தாழ 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. அம்புகள் சராசரியாக 30 அங்குலத்தை ஒட்டியவை. ஆள் உயரத்தையும் தாண்டிய இந்த வில்களை அவர்கள் காதுவரை இழுத்தார்கள். வில்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் 100 பவுண்டில் தொடங்கி 180 வரை வலு சொல்கிறார்கள். இன்று ஒலிம்பிக்கில் நிற்கும் ஆண்கள் இழுப்பது 50 பவுண்டு சொச்சம். கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே நின்றுவிட்டிருந்தது. சிறுவயதிலிருந்து இழுத்ததன் விளைவு அது என்று கருதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 30 பவுண்டு லிம்ப் வாங்கிக் கொடுக்க அவசரப்படும் அப்பாக்களிடம் நான் இந்த எலும்பைப் பற்றித்தான் பேசுவேன்.

கப்பல் மூழ்கிய அதே ஆண்டில் ரோஜர் ஆஸ்கம் வில்வித்தை பற்றி 'டாக்ஸஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டு அரசரிடம் கொடுத்தார். அதில் அவர் பரிந்துரைப்பதும் காதுவரை இழுப்பதைத்தான். நம் ஊர்க் கதைசொல்லிகளும் வீரன் நாணைக் காதுவரை இழுத்ததாகத்தான் சொல்வார்கள். போர்க்களத்தில் அது நியாயம். கூட்டமாக வரும் எதிரி மேல் அம்பு பலமாகப் போய் விழுந்தால் போதும், இலக்குப் பலகையின் மஞ்சள் வட்டத்தின் நடுவில் குத்த வேண்டிய தேவை இல்லை.

நீண்ட இழுவைக்கு வில்லைத் தேர்ந்தெடுப்பதை ஒரு முறையாகவே வகுத்துவைத்தவர்கள் ஜப்பானியர்கள். வில் விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது அவர்களைத்தான். அவர்களுடைய வில்லான 'யுமி' இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். பிடி நடுவில் இல்லை, அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். குதிரை மேலிருந்து எய்ய வசதியாகக் கீழ்ப்பாகத்தைக் குறைத்தார்கள் என்று பலரும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மூன்றாம் நூற்றாண்டுச் சீன வரலாறான 'வெய் ஜி', அந்தத் தீவுக்காரர்களின் மரவில் கீழே குட்டையாகவும் மேலே நீளமாகவும் இருக்கும் என்று எழுதிவைத்திருக்கிறது. அங்கே குதிரையே கிடையாது என்பதும் அதே நூலில் இருக்கிறது!

யுமி முதலில் வெறும் மரம். பிறகு வெளிப்பக்கத்தில் மூங்கில் பட்டை ஒட்டினார்கள், அதற்கும் பிறகு இரு பக்கமும். மூங்கில் வந்த பின் வில் கூடுதலாக வளைந்து கொடுத்தது. ஆனாலும் நீளத்தைக் குறைக்கவில்லை. காரணம் இழுவை. ஜப்பானிய வில்வித்தையான கியூடோவைப் பழகுகிறவர் நாணை முகத்தில் நிறுத்துவதில்லை. அம்பு கன்னத்தை ஒட்டி இருக்க, வலது கை காதையும் தாண்டி வலது தோளுக்கு மேல் போய்விடும். நம் மைதானத்தில் 28 அங்குலம் இழுக்கும் ஓர் ஆள் அங்கே 33, 34 அங்குலம் இழுப்பார்.

அளவு எடுப்பதற்கு அவர்கள் உயரத்தைக் கேட்பதில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, தொண்டைக் குழியிலிருந்து விரல்நுனி வரை அளப்பார்கள். இதற்கு 'யாசுகா' என்று பெயர். அம்பு அதைவிடச் சில சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், பாதுகாப்புக்காக. இந்த அளவை வைத்துத்தான் வில். வழக்கமான வில், அதாவது 'நாமிசுன்', பழைய ஜப்பானிய அளவில் 7 ஷாகு 3 சுன். நம் கணக்கில் 221 சென்டிமீட்டர். அம்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டும் நிலை வந்தால் இரண்டு சுன் கூட்டிய 227 சென்டிமீட்டர் வில். இன்னும் நீண்ட கைக்கு நான்கு சுன் கூட்டி 233. குட்டைக் கைக்கு மூன்று சுன் குறைத்து 212. ஒரு சுன் என்பது மூன்று சென்டிமீட்டரும் ஒரு துளியும். அதாவது, கடைக்காரர் இன்று நம்மிடம் 66, 68, 70 என்று நீட்டும் வரிசையை, அளவின் பெயரையே வில்லின் பெயராக வைத்து அவர்கள் புழங்கினார்கள்.

இத்தனை நீள வில்லால் வேகமாக எய்ய முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கியோட்டோவின் சஞ்ஜூசாங்கென்தோ கோயிலைப் பார்க்க வேண்டும். அதன் நீண்ட தாழ்வாரம் ஏறத்தாழ 120 மீட்டர். கூரையில் இடிக்காமல், தூணில் படாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நாள் முழுக்க அம்பு விடும் போட்டி அங்கே நடந்தது. 1686-ல் வாசா தாய்ஹாச்சிரோ என்ற இளைஞர் ஒரு பகல், ஓர் இரவில் 13,053 அம்புகள் எய்தார். 8,133 மறுமுனையைத் தாண்டின. நிமிடத்துக்கு ஒன்பது அம்பு வீதம் ஆகிறது. அதே போட்டியில் 1669-ல் ஹோஷினோ கான்சாயெமோன் எட்டாயிரம் அம்புகள் மறுமுனையைத் தாண்டியதும் தானாகவே நிறுத்திக்கொண்டதாகச் சொல்கிறார்கள்.

துருக்கியர்கள் எதிர்த்திசையில் போனார்கள். எருமைக் கொம்பை உள்பக்கமும், மாட்டின் தசைநாரை வெளிப்பக்கமும், நடுவில் மேப்பிள் மரமும் வைத்து மீன் பசையால் ஒட்டி, மாதக்கணக்கில் காயவைத்த வில். நீளம் நாலடிக்கும் குறைவு. கொம்பும் நாரும் மரம் தாங்காத வளைவைத் தாங்கின. சீனத்தை ஆண்ட மஞ்சுக்களிடமும் இதே கொம்பும் நாரும்தான். ஆனால் காதுக்குப் பின்னால் இழுக்கும் பழக்கத்துக்காகவும், கனத்த அம்புக்காகவும் வில் நுனிகளில் மிக நீண்ட மரத் துண்டுகளை வைத்து வில்லையே ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டார்கள். நீண்ட நுனி நெம்புகோல்போல் வேலை செய்யும், விரலுக்கு நாண் கோணம் விரிந்தே இருக்கும். நீளம் கூடாமல் நீண்ட இழுவை கிடைக்க வேண்டுமென்றால் செலவும் பொறுமையும் வேண்டும் என்று துருக்கி வில் காட்டுகிறது. இழுவை இன்னும் நீண்டால் கொம்பு வில்லும் நீளத்தான் வேண்டும் என்று மஞ்சு வில் காட்டுகிறது.

நம் கைக்கு வந்திருக்கும் அளவுகளுக்கு மூலகாரணம் இவர்கள் யாரும் இல்லை. ஹொரேஸ் ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். போர் போய், வில் பொழுதுபோக்காக மாறியிருந்த காலம். ஃபோர்ட் 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினொரு முறை தேசிய சாம்பியன். 1857-ல் செல்ட்னம் நகரில் 1,251 புள்ளிகள் எடுத்தார். அடுத்த நூற்றாண்டிலும் வெகுகாலம் யாரும் அதை எட்டவில்லை. 1856-ல் எழுதிய நூலில் அவர் ஆஸ்கம்மையே எதிர்த்தார். காதுவரை இழுத்தால் அம்பு கண்ணுக்குப் பக்கவாட்டில் போய்விடுகிறது, பிறகு எதைக் குறிபார்ப்பது? கண்ணுக்கு நேர் கீழே அம்பு இருக்க வேண்டும். ஆகவே நாணைத் தாடையோடு நிறுத்து என்றார். வாதத்தைவிட 1,251 பலமாகப் பேசியது. இழுவை குறைந்தது. ஆண்களுக்கு 28 அங்குல அம்பு என்பது பொது அளவாக நிலைத்தது.

அதற்குப் பின் நடந்தது பெரும்பாலும் அமெரிக்காவில். 1930-களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் வில்லை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழை வந்து கொம்பும் நாரும் செய்த வேலையை மலிவாகச் செய்தது; நுனி வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில் போட்டி மைதானத்தைப் பிடித்துக்கொண்டது. 1920-க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லாமல் போயிருந்த வில்வித்தை 1972-ல் மியூனிக்கில் திரும்பி வந்தது. கழற்றி மாட்டும் வில்லும் பரவலாகி, நடுத்தண்டான ரைசர் 23, 25, 27 அங்குலம், லிம்ப் குட்டை, நடுத்தரம், நீளம் என்று தனித்தனியாக வாங்கலாம் என்றானது.

இன்றைக்கும் லிம்பில் அச்சிடும் பவுண்டு 28 அங்குல இழுவைக்கானதே. '70-36' என்று இருந்தால், 25 அங்குல ரைசரில் 70 அங்குல வில்லாகும், 28 அங்குலம் இழுத்தால் 36 பவுண்டு. இழுவை 31 அங்குலம் உள்ளவருக்கு நான் 27 அங்குல ரைசரும் நீள லிம்பும் சொல்வேன். வில் 72 அங்குலம் ஆகும். நீண்ட ரைசரால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும், கூடுதலாக இழுக்கும் மூன்று அங்குலத்தால் ஆறு பவுண்டு ஏறும். 36 என்று அச்சிட்டது கையில் 40. ஆனால் கையில் 40 வேண்டும் என்பவர்கள் கடையில் 40 என்று எழுதியதையே தேடி வாங்கி வந்துவிடுகிறார்கள். விரலில் 44 ஏறுகிறது.